அம்பாசடருக்கு எந்த ஈ.சி.எம்.?

பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது திருப்புட்குழி. அதே சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் வெளிவந்த சான்ட்ரோ முதல் வண்டியிலிருந்தே பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அந்த ஆண்டு நாட்டில் அதிகம் விற்ற மாருதி 800-ல் இன்னும் கார்பரேட்டர்தான். இந்த அத்தியாயம் அந்த மாற்றத்துக்கு முந்தைய வண்டிகளுக்கானது: அம்பாசடர், பத்மினி, கான்டெஸா, வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கெசல். இவற்றில் எதற்கு இன்ஜெக்‌ஷன் போட நினைத்தாலும் முதலில் எழும் கேள்வி, எந்த ஈ.சி.எம். (இன்ஜெக்‌ஷனைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வாங்குவது என்பது. முதலில் எழுந்தாலும் கடைசியில்தான் விடை காண வேண்டிய கேள்வி அது.

திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் கோயில் தெருப் பக்கம், கொட்டகையில் ஒரு பெட்ரோல் அம்பாசடர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 1489 சி.சி., பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) காலத்து என்ஜின், எஸ்.யூ. அல்லது சோலெக்ஸ் கார்பரேட்டர். இந்த ஒரு வண்டியை வைத்தே எல்லாவற்றையும் பார்க்கலாம். மற்ற வண்டிக்காரர்கள் தங்கள் என்ஜினுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் மாற்ற வேண்டும்?

இரண்டு காரணங்கள் உண்மையானவை. முதலாவது பெட்ரோல். எத்தனால் கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதக் கலப்பான இ20, 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு இது ஏறக்குறைய 13.5 ஆக இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்குச் சுமார் 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல் போக வேண்டும். கார்பரேட்டரின் ஜெட் துளைக்கு இது தெரியாது. 1970-ல் எவ்வளவு ஊற்றியதோ அவ்வளவுதான் இன்றும் ஊற்றும். கலவை மெலியும், பிக்கப் குறையும், என்ஜின் சூடாகும். ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பலருக்கு அதுவே போதும்.

இரண்டாவது வெயில். பி.எம்.சி. என்ஜினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்பரேட்டர் சைலன்சர் சூட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சித்திரை மாதத்தில் காஞ்சிபுரம் கடைவீதியில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால், ‘ஏர் லாக்’ என்று மெக்கானிக் ஈரத்துணி தேடுவது இதனால்தான். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் 3 பார் அழுத்தத்தில் சுற்றிக்கொண்டே டாங்குக்குத் திரும்பும். அந்த அழுத்தத்தில் அது எளிதில் ஆவியாகாது.

மைலேஜ் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

வண்டிக்கு வயது 50 தாண்டியதா?

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ பிரிவை ஏற்படுத்தியது. புதிதாகப் பதிவு செய்தால் வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பழைய எண்ணோடு ஏற்கெனவே பதிவான வண்டி அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்தப் பிரிவில் வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். ஆகவே 50 வயது தாண்டிய, கலையாத ஹெரால்டு வைத்திருப்பவர் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிடலாம். அவருக்குத் தேவை நல்ல கார்பரேட்டர் ஓவர்ஹாலும் எத்தனால் தாங்கும் ரப்பர் ஹோஸும்.

மற்றவர்களுக்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. என்ஜின் நம்பரும் எரிபொருளும் மாறவில்லை என்ற தைரியத்தில் இறங்காமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டைப் பாருங்கள்

ஈ.சி.எம். பட்டியலைப் புரட்டுமுன் பானெட்டைத் திறந்து சிலிண்டர் ஹெட்டைப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் முக்கியமான பகுதி இதுதான்.

அம்பாசடரின் பி.எம்.சி. என்ஜினில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் துளைகள். ஒன்றும் இரண்டும் ஒரு துளையைப் பங்கிடுகின்றன. மூன்றும் நான்கும் இன்னொன்றை. தீப்பிடிக்கும் வரிசை 1-3-4-2. இந்த வரிசையைத் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும்: இரண்டாவது சிலிண்டர் காற்றை இழுத்த உடனே ஒன்றாவது இழுக்கிறது, மூன்றாவது இழுத்த உடனே நான்காவது. பிறகு அந்தத் துளை நெடுநேரம் சும்மா கிடக்கிறது. துளைக்குள் இன்ஜெக்டரை வைத்து, எப்போது வேண்டுமானாலும் பெட்ரோல் தெளிக்கச் சொன்னால், சும்மா கிடந்த நேரத்தில் தேங்கியதை முதலில் திறக்கும் சிலிண்டர் பெரும்பகுதி இழுத்துக்கொள்ளும். அடுத்த சிலிண்டர் மெலிந்த கலவையில் ஓடும். ஒரு பிளக் கறுப்பு, பக்கத்துப் பிளக் வெள்ளை.

இதே தலைவலி பி.எம்.சி.யின் சின்ன என்ஜினுக்கும் உண்டு. ரோவர் நிறுவனம் மினி காருக்கு 1990-களின் தொடக்கத்தில் இன்ஜெக்‌ஷன் கொடுத்தபோது, கார்பரேட்டர் இருந்த இடத்திலேயே ஒற்றை இன்ஜெக்டரோடு த்ராட்டில் பாடியை உட்கார வைத்தது. துளைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர் போட்டது 1996-ல்தான். இன்ஜெக்டர் திறக்கும் நொடியைக் கேம்ஷாஃப்ட் நிலையோடு துல்லியமாகப் பொருத்திய பிறகே அது சாத்தியமானது. ஒரு கார் நிறுவனத்துக்கே அத்தனை ஆண்டு பிடித்த வேலையைத் தெருமுனைப் பட்டறையில் இரண்டு வாரத்தில் முடிக்க முயல வேண்டாம். அம்பாசடருக்கு ஏற்றது த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் மேலேயே தெளிக்கப்பட்டு, காற்றோடு கலந்து, பழைய கார்பரேட்டர் பங்கிட்டது போலவே நான்குக்கும் போகும்.

இந்த ஒரு முடிவு ஈ.சி.எம். தேர்வைப் பாதி முடித்துவிடுகிறது. எட்டு இன்ஜெக்டரைத் தனித்தனியாக ஓட்டும் விலையுயர்ந்த பெட்டி இங்கே வீண்.

கரண்டுக் கணக்கு

பெட்ரோல் பம்ப் 5, 6 ஆம்பியர் இழுக்கும். ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் ஒரு ஆம்பியருக்கு மேல். இன்ஜெக்டரும் ஈ.சி.எம்.மும் சேர்ந்தால் மொத்தம் 8 முதல் 10 ஆம்பியர், இடைவிடாமல். பழைய லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போது கொடுப்பது 22 ஆம்பியர்; ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில், ஹெட்லைட்டும் வைப்பரும் ஓட, டோல்கேட் வரிசையில் நின்றால் பேட்டரி இறங்கும். வோல்ட்டேஜ் சரிந்தால் இன்ஜெக்டர் திறக்கும் நேரம் பிசகும், கலவை கெடும், வண்டி நின்றுவிடும். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடாமல் இன்ஜெக்‌ஷனைத் தொடவே கூடாது. பாடி லூகாஸ் டி.வி.எஸ். ஆலையின் ஆல்டர்னேட்டர் புதிதாகவும் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழையதாகவும் கிடைக்கும்.

எர்த் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த். எல்லா ஈ.சி.எம்.மும் நெகட்டிவ் எர்த் மட்டுமே ஏற்கும்.

பிளக் ஒயரும் கவனிக்க வேண்டியதே. செம்புக் கம்பி ஒயரும் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் வானொலியில் கரகரப்பை ஏற்படுத்துவதோடு நிற்காது, ஈ.சி.எம்.மை ஓட்டத்தின் நடுவில் ரீசெட் செய்யவைக்கும். கார்பன் ஒயர், ரெசிஸ்டர் பிளக் இரண்டும் கட்டாயம்.

சந்தையில் இருப்பவை

முதல் வழி கம்பெனி ஈ.சி.எம். மாருதி 800 வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 2000 வாக்கில் அந்தக் குடும்பத்துக்கே எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) வந்துவிட்டதால், அதே என்ஜின் வம்சத்தின் மேனிஃபோல்டு, வயரிங், சென்சார், பெட்டி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கழற்றிப் போடலாம். கான்டெஸாவில் இசுசு 1.8 லிட்டர் என்ஜின் இருந்தால், அதே என்ஜினின் எம்.பி.எஃப்.ஐ. பாகங்களைக் காயலாங்கடைகளில் தேடிப் பார்க்கலாம். கவனிக்க வேண்டியது சாவி. பிந்தைய வண்டிகளின் ஈ.சி.எம். இம்மொபிலைசரோடு பூட்டப்பட்டது, சாவியும் அதன் ஜோடிப் பெட்டியும் இல்லாமல் வாங்கினால் அது வெறும் அலுமினியம். அம்பாசடரின் 1489 சி.சி.க்கு இந்த வழி பொருந்தாது. வேறு என்ஜினுக்காக எழுதப்பட்ட பெட்ரோல் கணக்கு அந்தப் பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கும். திறந்து மாற்ற முடியாது.

இரண்டாவது, பிக்கிபேக். பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக் போன்றவை. நல்ல பொருள், ஆனால் கம்பெனி ஈ.சி.எம்.மின் சிக்னலை இடைமறித்துத் திருத்துவதுதான் அதன் வேலை. கார்பரேட்டர் வண்டியில் இடைமறிக்க ஒன்றுமில்லை. விற்பவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் இதை வாங்கக் கூடாது.

மூன்றாவது, தானே கற்றுக்கொள்ளும் த்ராட்டில் பாடி. அமெரிக்காவின் ஹோலி ஸ்னைப்பர் இதில் பிரபலம். ஈ.சி.எம். த்ராட்டில் பாடிக்குள்ளேயே இருக்கும், லேப்டாப் இல்லாமல் ஓரளவு தானே ட்யூன் ஆகும். பெரும்பாலும் எட்டு சிலிண்டர் என்ஜின்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அம்பாசடரில் அது உட்காரும் இடம் சைலன்சர் மேனிஃபோல்டின் தலைமேல் என்பதை மறக்க வேண்டாம். மின்னணுப் பெட்டியை அடுப்பின் மேல் வைக்க மனம் வருகிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, திறந்து எழுதக்கூடிய தனி ஈ.சி.எம். பழைய கார் உலகில் அதிகம் புழங்குவது மெகாஸ்கர்ட். அமெரிக்காவைச் சேர்ந்த புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ இருவரும் 2001-ல் வெளியிட்டது. அதன் சிறிய, மூடிய வடிவம் மைக்ரோஸ்கர்ட்: இரண்டு இன்ஜெக்டர் சானல், இரண்டு இக்னிஷன் சானல். இரண்டு இன்ஜெக்டர் த்ராட்டில் பாடிக்கு அளவெடுத்துத் தைத்தது போல. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அதற்குள் இல்லை, தனியாக வாங்க வேண்டும். இன்ஜெக்டர் ஹை இம்பிடன்ஸ் வகையாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் 12 முதல் 16 ஓம் காட்டினால் சரி, 2, 3 ஓம் காட்டினால் ரெசிஸ்டர் சேர்க்காமல் இணைக்கக் கூடாது.

ஸ்பீடுயினோ இன்னும் மலிவு. ஆர்டுவினோ மெகா 2560 பலகையின் மேல் கட்டப்பட்டது, மென்பொருள் எல்லோருக்கும் திறந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கி, சால்டரிங் தெரிந்த பொறியியல் மாணவர் ஒருவர் செய்துகொடுத்துவிடலாம். ஆபத்தும் அங்கேதான். பலகை யார் கையில் தயாரானதோ அவர் கையின் தரமே அதன் தரம். அதிர்விலும் சூட்டிலும் ஒரு சால்டர் விட்டுப்போனால் வண்டி இரவில் தாமல் ஏரிக்கரையில் நிற்கும். வாரயிறுதியில் கையை அழுக்காக்கிக்கொள்ள ஆசைப்படுபவருக்கு ஸ்பீடுயினோ. குடும்பத்தோடு திருப்பதி போக வேண்டியவருக்கு மைக்ரோஸ்கர்ட்.

ஐந்தாவது, ஹால்டெக், லிங்க் போன்ற பந்தய வகை. தரத்தில் குறையே சொல்ல முடியாது. 50 குதிரைத் திறன் என்ஜினுக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி.

இன்ஜெக்டர் அளவு

ஒரு குதிரைத் திறனுக்கு நிமிடத்துக்கு 5.25 சி.சி. பெட்ரோல் என்பது ட்யூனர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. 50 குதிரைத் திறனுக்கு 262. இன்ஜெக்டர் எப்போதும் திறந்தே இருக்கக் கூடாது, 80 சதவீத நேரமே திறக்கலாம் என்று வைத்தால் 328. இரண்டு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 164, இ20-க்காக 9 சதவீதம் கூட்டினால் சுமார் 180 சி.சி. இதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 400 சி.சி. போட்டால், ஐடிலிங்கில் அது ஒரு மில்லி செகண்டு அளவுக்கே திறக்க வேண்டியிருக்கும். அவ்வளவு குறுகிய நேரத்தில் எந்த இன்ஜெக்டரும் ஒரே அளவாகத் தெளிக்காது. வண்டி சிக்னலில் குலுங்கும்.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பழைய பம்ப்பின் அழுத்தம் 0.3 பாருக்கு மேல் போகாது. புதியது அதைப்போல் பத்து மடங்கு. கார்பரேட்டர் ஹோஸ் பிய்ந்தால் பெட்ரோல் சைலன்சர் மேல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும் எத்தனால் தாங்கும் ஹோஸ், ரிட்டர்ன் லைன், மோதலில் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் மூன்றும் வேண்டும். என்ஜின் நின்றால் பம்ப்பும் உடனே நிற்கும்படி ஈ.சி.எம். வழியாகவே பம்ப் ரிலேவை இணைக்க வேண்டும். சாவியிலிருந்து நேராக இழுக்கும் பட்டறைகள் இன்னும் உண்டு, விடாதீர்கள்.

இக்னிஷனை முதலில் தொட வேண்டாம்

ஈ.சி.எம். பெட்ரோலையும் நெருப்பையும் சேர்த்தே கவனிக்க முடியும். அதற்குக் கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரம், சென்சார், புதிய காயில் எல்லாம் வேண்டும். முதல் கட்டத்தில் டிஸ்ட்ரிப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஆர்.பி.எம். சிக்னல் மட்டும் எடுத்தால் போதும். பெட்ரோல் சரியாகிவிட்ட பிறகு அடுத்ததைப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு, வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்போது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ட்யூனிங்

மைக்ரோஸ்கர்ட்டிலும் ஸ்பீடுயினோவிலும் பெட்ரோல் கணக்கு 16க்கு 16 கட்டங்கள் கொண்ட அட்டவணை. காஞ்சிபுரத்து ஜக்கார்டு அட்டையில் எந்தத் துளைக்கு எந்த இழை எழும்பும் என்று முன்பே குத்தி வைப்பது போல, எந்த ஆர்.பி.எம்.மில், எந்த மேனிஃபோல்டு அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று 256 கட்டங்களில் முன்பே எழுதி வைக்க வேண்டும். 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600-ல் பாஷ் வைத்த டி-ஜெட்ரானிக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்தே பெட்ரோலைக் கணக்கிட்டது. அடிப்படை இன்னும் மாறவில்லை.

அட்டவணையை நிரப்ப வைடுபேண்டு ஆக்சிஜன் சென்சார் தேவை, பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 பரவலாகக் கிடைக்கும். ட்யூனர் ஸ்டுடியோ மென்பொருளின் கட்டணப் பதிப்பு, வண்டி ஓட ஓட அட்டவணையைத் தானே திருத்தும். இலக்கை 14.7 என்று எழுதாமல் லாம்டா 1 என்று எழுதுங்கள். சென்சாருக்குத் தெரிவது லாம்டா மட்டுமே. பெட்ரோலில் எத்தனால் எத்தனை சதவீதம் இருந்தாலும் லாம்டா 1 சரியான கலவையையே குறிக்கும்.

பெட்டியை வாங்குமுன் இதை விசாரியுங்கள்: அந்த மென்பொருள் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா? இந்த வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.717 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதால், பந்தய வண்டி ட்யூன் செய்யும் ஆட்கள் ஸ்ரீபெரும்புதூர்–சென்னைப் பகுதியில் புழங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் ‘எனக்கு லிங்க்தான் பழக்கம்’ என்று சொன்னால், லிங்க் வாங்குவதே லாபம். தெரியாத மலிவான பெட்டியைவிடத் தெரிந்த விலையுயர்ந்த பெட்டி கடைசியில் குறைந்த செலவில் முடியும்.

பெட்டியைப் பானெட்டுக்குள் வைக்காதீர்கள். டாஷ்போர்டின் அடியில், முழங்கால் உயரத்தில் வையுங்கள். சூடும் தண்ணீரும் எட்டாது. காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரையும் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி ஏர் ஃபில்டர் அருகே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நின்று கிளம்பும் வண்டியில் அது சூட்டை அதிகமாகக் காட்டும், ஈ.சி.எம். பெட்ரோலைக் குறைத்துவிடும்.

ஆக, திருப்புட்குழி கொட்டகையில் நிற்கும் அந்த 1489 சி.சி. அம்பாசடருக்கு: ஆல்டர்னேட்டர், புதிய ஹோஸ், 180 சி.சி. இன்ஜெக்டர் இரண்டோடு த்ராட்டில் பாடி, பழைய டிஸ்ட்ரிப்யூட்டர், மைக்ரோஸ்கர்ட். கழற்றிய கார்பரேட்டரையும் பம்ப்பையும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்பார். ட்யூன் முடிந்த அன்றைக்கு, அட்டவணை ஃபைலையும் வயரிங் படத்தையும் பென் டிரைவில் கையில் வாங்காமல் பட்டறைக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.